தோன்றா எழுவாய்

பர்பேங்க். ஒன்பதாம் எண் படப்பிடிப்புக் கூடம்.
வெள்ளிக்கிழமை இரவுகளில் கிளீவ்லாந்து அங்கேதான் இருந்தது:
மூன்று சுவர், ஒரு முடிதிருத்தும் கடை,
மேலே போக ஏழு படி,
ஏழாவது படியில் ஒரு பச்சைக் கதவு.

கதவுக்கு அந்தப் பக்கம் நான்.

இரண்டடி அகலப் பலகை. ஒரு முக்காலி.
ஒரு வாளி நிறையச் செருப்பு.
எல்லாம் இடது கால், அளவு பத்து;
சாமான் அறையில் மிஞ்சியது அதுதான்.
சிவப்பு விளக்கு எரிந்தால்
கதவை ஒரு சாண் திறந்து ஒன்றை வீசுவேன்.
மில்டன் குனிவான். முந்நூறு பேர் சிரிப்பார்கள்.
ஹார்டென்ஸுக்குக் கோபம் என்று அர்த்தம்.

ஹார்டென்ஸ், மில்டனின் மனைவி.
அவளை யாரும் பார்த்ததில்லை. எழுதியவர்களும்தான்.
முதல் வருடம் கதவில் நுழைய முடியாத பருமன்;
நான்காம் வருடம் அஞ்சல் பெட்டிக்குள் கைவிட்டுத்
தோள்வரை மாட்டிக்கொண்ட ஒல்லி.
பூனை முடி ஆகாது என்றார்கள்.
அடுத்த மாதமே ஐந்து பூனை கொடுத்தார்கள்.
டலூத்தில் அவளுக்கு ஒரு தம்பி, டெல்பர்ட்,
உறைந்த ஏரியில் மீன்பிடித் துளைக்குள் விழுந்து பிழைத்தவன்.
அவனுக்கு ஒரு மாமியார், கண்ணாடிக் கண்.
பார்க்காதவளுக்குள் இன்னும் பார்க்காதவர்கள்
குடியேறிக்கொண்டே இருந்தார்கள்,
வாடகை தராமல்.

நேயர்கள் கடிதம் போட்டார்கள்.
அயோவாவிலிருந்து ஒருத்தி
ஹார்டென்ஸின் மூட்டுவலிக்குத் தைலம் அனுப்பினாள்.
யாரிடம் சேர்ப்பது என்று தெரியாமல்
அலுவலகத்தில் என் கையில் கொடுத்தார்கள்.
தடவிக்கொண்டேன். கேட்டது.

ஆறாம் வருடம், பிப்ரவரி.
மில்டனாக நடித்த வெண்டல் இரண்டு வாரம் வரவில்லை.
வந்தபோது விரலில் மோதிரம்
தளர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.
எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.
கேக் வாங்கி வைத்திருந்தோம். ஏன் கேக் என்று
இப்போதும் புரியவில்லை. யாரும் வெட்டவில்லை.

அன்றைய காட்சி: படியேற வேண்டும்,
கைப்பிடியைத் தொட வேண்டும், செருப்பு வர வேண்டும்.
ஏறினார். ஐந்து, ஆறு.
ஏழில் உட்கார்ந்தார். கதவில் தலை சாய்த்தார்.
அவர் மூச்சு என் காதுக்கு
ஒரு விரற்கடை தூரம்.

"மருந்து போட்டுக்கொண்டாயா?" என்றார்.

தாளில் அப்படி ஒரு வரி இல்லை.
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.
யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விழுங்கினார்.
ஆறு வருடத்தில் ஹார்டென்ஸ் பேசியதில்லை;
பேசினால் எனக்கு வேறு சம்பளம், சங்க விதி.
செருப்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.
விரல் முட்டியால் கதவை
ஒரு தரம் தட்டினேன்.

"சரி," என்றார். "தூங்கு. வந்துவிடுகிறேன்."

அதை ஒளிபரப்பவில்லை. மறுபடி எடுத்தார்கள்.
குனிந்தார், சிரித்தார்கள்.
என் குறி தப்பி விளக்கில் பட்டது;
அதையும் வைத்துக்கொண்டார்கள்.

கடைசி வருடம் அவளைக் காட்டிவிடலாம் என்று பேச்சு.
பதினாறு பேர் வந்தார்கள், சுருட்டிய முடி, முத்துமாலை,
ஒருத்தி கையில் செருப்போடு.
வெண்டல் எழுந்து நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார்,
துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல.
பிறகு தயாரிப்பாளரிடம் போய் ஏதோ சொன்னார்.
கதவு திறக்கவில்லை.

இப்போது இரவு ஒன்றரைக்கு மறு ஒளிபரப்பு.
நான் படம் பார்ப்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டு,
சத்தத்தைக் கூட்டிக் கேட்பேன்.
செருப்பு விழும் ஓசையிலேயே
எந்த வருடம் என்று சொல்லிவிடுவேன்.
பக்கத்துக் குடித்தனம் சுவரை இடிக்கும்.
யாரென்று பார்த்ததில்லை.
இருட்டில் எழுந்துபோய்
ஒரு தரம் தட்டிவிட்டுக்
குறைப்பேன்.