கையில் ஒண்டும் இல்லாமல்

தெல்லிப்பளையில் பேர் கூப்பிடமுதல்
ஒரு படிவம் தருவினம்.
புகைப்பீர்களா? இல்லை.
கடைசியாக எப்போது?
மூண்டு வருசம், ஒரு மாதம்.
நாளும் தெரியும். அதை அவை கேக்கேல்லை.

மதுபானம் எண்ட இடத்தில்
பேனை கொஞ்சம் நிண்டுது.
சித்திரைக்கு மருமகன் வந்தபோது
அரைப் போத்தல் பனங்கள்ளு.
அதை மதுவெண்டு எழுதுறதோ
பானமெண்டு எழுதுறதோ?
தாதி நிஷாளினி எட்டிப் பார்த்தா:
"எழுதுங்கோ ஐயா, பனை கோவிக்காது."

சாப்பாட்டுப் பகுதியை மனிசி நிரப்பினா.
அவவின் எழுத்தில் நான் நல்ல மனுசன்:
குரக்கன் புட்டு, முசுட்டை வறை,
கருவாடு இல்லை, சீனி இல்லை.
புட்டைக் குழைச்சுக் களியாக்கித்தான்
விழுங்குறன் எண்டதை அவ எழுதேல்லை.
நாக்கில் கால்வாசியை வெட்டியெடுத்த பிறகும்
உறைப்பு மட்டும் முழுசாய் ஏன்
ஞாபகம் இருக்குதெண்டு கேக்க
அந்தத் தாளில் இடமுமில்லை.

உடற்பயிற்சி?
"நாப்பது வருசம் தோட்டம் கொத்தினவன், பிள்ளை."
"அது வேலை ஐயா. நீங்கள் நடக்கவேணும்.
அரை மணித்தியாலம்.
கையில் ஒண்டும் இல்லாமல்."

கையில் ஒண்டும் இல்லாமல்
புத்தூர் ஒழுங்கையில் ஒருக்கா நடந்து பாருங்கோ.
முதல் வேலியில்: "எங்கை மார்க்கண்டு அண்ணை, செத்தவீடோ?"
அடுத்த வேலியில்: "மாடு அறுத்துக்கொண்டு போட்டுதோ?"
சும்மா எண்டு சொல்லிப் பார்த்தன்.
வருத்தம் திரும்பியிட்டுதாம் எண்டு
எனக்கு முதலே கதை
சங்கக்கடைக்குப் போய்ச் சேர்ந்துது.
இப்ப ஒரு வெறும் உரப்பையை மடிச்சுக்
கக்கத்தில் வைச்சுக்கொண்டு நடக்கிறன்.
ஆரும் கேக்கிறதில்லை.
வெறும் பைக்கு ஊரில் அவ்வளவு மரியாதை.

தில்லையம்பலம் நடக்கிறதில்லை.
அவருக்குத் தொண்டை, எனக்கு நாக்கு.
ஒரே வாட்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.
கிளினிக் மதிலுக்கு வெளியில் நிண்டு பீடி பத்துறார்.
என்னைக் கண்டும் அணைக்கேல்லை.
காத்துப்போன ரியூப் மாதிரிக் குரலில் சொன்னார்:
"தப்பினவன் தப்பினதைக்
கொண்டாடக் கூடாதோ?"
நான் புத்தி சொல்லேல்லை.
காத்து அடிச்ச பக்கமாய்
ஓரடி நகர்ந்து நிண்டன்,
புகை வந்து சேருற இடத்தில்.
அது எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது.

வராத இன்னொண்டும் இருக்கு.
பயிரிடுவீர்களா எண்டு
ஒருத்தரும் கேக்கேல்லை.
வீட்டுக்குப் பின்னால், செம்மண்ணில்,
இரண்டாயிரம் கண்டு போயிலை
இடுப்பளவுக்கு நிக்குது.
வெங்காயம் வைச்ச வருசம் மழை அழுகவைச்சுது.
பீற்றூட் போட்ட வருசம்
உரக் காசும் திரும்பேல்லை.
ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வான்கூலியும்
நான் விழுங்கின மாப்பாலும்
போயிலை தந்த காசு.
முப்பத்தொரு நாள் ரேடியேசன்,
மனிசி பின் சீற்றில், மடியில் பிளாஸ்க்,
வான் ஓடின ஓட்டமெல்லாம் அந்த இலையில்.
இதை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?
சொன்னால் சிரிப்பினம்.
நானும் ஒருநாள் கிணத்தடியில் தனிய நிண்டு சிரிச்சன்.

நேற்றுப் பின்னேரம் பூ முறிச்சன்.
நுனியைக் கிள்ளக் கிள்ளக் கையில் பிசின்,
தேசிக்காய் போட்டுத் தேய்ச்சும் போகாத கறுப்பு.
பழக்கத்தில் விரல் வாய்க்குப் போகப் பார்த்துது.
பின்னுக்குக் கட்டிக்கொண்டு
வரம்பில் கொஞ்சநேரம் நிண்டன்.

படிவத்தில் ஒப்பம் வைக்கேக்க
பெருவிரல் பதிஞ்சிட்டுது.
"இது என்ன ஐயா?"
"பிசின்."
"எந்த மரம்?"
"மரமில்லை, பிள்ளை."

அவ என்ரை முகத்தைப் பார்த்தா,
தாளைப் பார்த்தா.
இல்லை எண்டு நான் எழுதின சொல்லுக்குப் பக்கத்தில்
அந்தக் கறை.
பேந்து அடுத்த திகதி எழுதினா:
பங்குனி பதினெட்டு.

குடிலில் பொச்சு மூட்டி
இலைக்குப் புகை போடுற கிழமை அது.

வாறன் எண்டு சொன்னன்.