கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

யானைமலை ஜன்னலில் இருந்தது.
அடுத்தது மின்விசிறி, நேர் மேலே.
நடுவில் உள்ளது என்னிடம் இல்லை,
பஷீராவிடம் இருக்கிறது,
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்:

பதினொன்று இருபதுக்கு வந்தது.
இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன்.
தலைக்கு என் துப்பட்டா.
வாயில் எதுவும் வைக்கவிடவில்லை.

சாவிக்கொத்தோடு ஓடிவந்த பி.டி. சாரிடம்
"இரும்பு வேணாம் சார், பெஞ்ச இழுங்க" என்றாளாம்.
இழுத்தாராம்.
மீதி நாற்பத்தோரு பேரும்
மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்களாம்.
என் சுடிதார் நனைந்ததை
ஒருத்தியும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள்.
நம்பவில்லை.
பரவாயில்லை.

நாக்கோரம் ரத்தச் சுவை.
ஒத்தக்கடையில் திரும்பும் பஸ்ஸெல்லாம்
என் தலைக்குள் திரும்புகின்றன.
"எவ்வளவு பாடம் போச்சு?"
சொல் குழறிக் கால்வாசிதான் வெளியே வந்தது.
அவளுக்கு அது போதும்.

"போர்டப் பாரு."

வேதியியல் சமன்பாடு.
அம்புக்குறிக்கு அந்தப் பக்கம்
தனபாக்கியம் டீச்சர்
இன்னும் எழுதவே இல்லை.