புள்ளிக்குப் பின்னால்

மண்டபம் வடகரையில், ஐஸ் ஆலைக்கு மேல் என் அறை.
ஆலை ஓடினால் கட்டில் நடுங்கும்,
கட்டிலோடு மடிக்கணினி,
அதற்குள் நான் எழுதிய வரிகள்.

பதினோரு படகுகளுக்குக் காவல் கருவி செய்து கொடுத்திருந்தேன்.
தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது,
அணியத்தில் பிசின் வைத்து ஒட்டியது.
நங்கூரம் போட்ட இடத்தை மனதில் வைத்துக்கொள்ளும்.
மைலில் இருபதில் ஒரு பங்கு விலகினாலும்
உரியவர் தலைமாட்டில் போன் அலறும்.

எஸ்கலினின் படகு போன இரவு
போன் அலறவில்லை.

கச்சான் அடித்த இரவு அது.
நங்கூரம் சேற்றை உழுதபடி கிழக்கே போயிருக்கிறது.
விடிகையில் பாரில் ஏறிச் சாய்ந்து கிடந்தது படகு.
அடிப்பலகையில் கை நுழையும் பிளவு.
நுழைத்துப் பார்த்தேன்.

கருவியைக் கழற்றிவந்து பதிவைத் திறந்தேன்.
அது தூங்கியிருக்கவில்லை.
அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்திருக்கிறது:
மைனஸ் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு,
மைனஸ் பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று,
கடைசியாக, பாருக்கு மேல்,
மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது நான்கு.
ஒவ்வொன்றுக்கும் எதிரே என் வரி கண்ட முடிவு:
பூஜ்யம்.
பூஜ்யம்.
பூஜ்யம்.

மைனஸைத் தட்டிவிட்டுத் தூரத்தை மட்டும் தா
என்று கேட்டது நான்தான்.
ஆனால் முழு எண்களுக்கான ஆளிடம் கேட்டிருந்தேன்.
அவன் மைனஸைத் தொடும் முன்பே
புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அரிந்து
கடலில் எறிந்துவிட்டு
மிச்சத்தைத் தராசில் வைக்கிறவன்.
முழு மைல் போயிருந்தால் ஒன்று என்றிருப்பான்.
நூற்றுப் பதினோரு மீட்டர் குறைவாக நின்றுவிட்டது படகு.

திருத்தம் ஓர் எழுத்து.
ஆப்ஸ் என்பதன் முன்னால் ஓர் எஃப்.
தமிழில் எழுதினால் அதில் நாலு புள்ளி;
நான் விட்டது ஒன்றைத்தான்.
ஒன்றாம் வகுப்பில் கடல் என்பதைக்
கடல என்று எழுதி அடிவாங்கிய அதே கை.

சொல்லப் போனேன்.
படகு கவிழ்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.
எஸ்கலின் டேப்பை நீட்டிப் பலகை அளந்துகொண்டிருந்தார்.
"இனி இம்மி விலகினாலும் அலறும்,
கிழக்கோ மேற்கோ, எந்தப் பக்கம் போனாலும்" என்றேன்.
டேப்பைச் சுருட்டாமல் கேட்டார்:
"எந்தப் பக்கம்னு சொல்லாதா?"
"எவ்வளவு தூரம்னு சொல்லும்."
"மேக்க போனா மணலு. காலையில போயித் தள்ளிக்கிருவேன்.
கெழக்க போனா பாரு.
பாரத் தாண்டி அங்கிட்டுப் போயிட்டா
அது யாரு கடல்னு ஒனக்கே தெரியும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு
நான் எங்கிட்டு ஓட?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
டேப் தானாகச் சுருண்டு அவர் விரலில் அடித்தது.

அறைக்கு வந்து எஃப்பை எடுத்தேன்.
ஆப்ஸையும் எடுத்தேன்.
உள்ளே ஒன்றும் இல்லாமல் நின்ற அடைப்புக்குறிகளையும்.
மைனஸ் இப்போது மைனஸாகவே வருகிறது.
கிழக்குக்கு ஒரு வரி, மேற்குக்கு ஒரு வரி;
கிழக்குக்கு மட்டும் சங்கு மாதிரி ஒலி.

சோதிக்க, கருவியைச் சட்டைப்பையில் போட்டு
சைக்கிளில் கிழக்கே அரை மைல் போனேன்.
ஒரு சுமையில்லாத மீன்வண்டி என்னைத் தாண்டியபோது
பை ஊளையிட்டது, ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.
அப்படியே திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றேன்.
திரையில்
மைனஸ் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.

விலகல் இல்லை.
ஆனாலும் எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்பது
அதற்கு ஞாபகம் இருக்கிறது.
அழகாக இல்லைதான். ஒரு வரியில் மறைத்துவிடலாம்.
விட்டுவிட்டேன்.

கீழே ஐஸ் உடைக்கிறார்கள்.
பத்துப் படகுகள் தண்ணீரில்.
பதினோராவதின் கருவி என் மேசைமேல்,
நங்கூரம் போட்ட இடமென்று
மேசையையே மனதில் வைத்துக்கொண்டு
அரை நிமிடத்துக்கு ஒருமுறை
அளந்துகொண்டிருக்கிறது.