மில் கலண்டரில் இ, வ

இஷா முடிந்து
மில்லின் கடைசி உறுமலும் அடங்கினால்
சம்மாந்துறையில் மணி எட்டரை.
கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன்
விரலிடுக்கு, நகத்தடி, மணிக்கட்டு.
பகல் முழுக்க மூடைக் கணக்கு எழுதிய கை.
தவிட்டுத் தூசு ஒரு தரத்தில் போகாது.
இரண்டாம் தரமும் கழுவுகிறேன்.

ஊசிக்குள்ளேயே மருந்தை அடைத்துத் தருகிறார்கள்
கூடவே கடுகளவு காற்றுக் குமிழ் ஒன்றும்.
முதல் நாள் அதைத் தட்டித் தட்டி
வெளியேற்றப் பார்த்தேன்
படத்தில் டொக்டர்மார் செய்கிற மாதிரி.
"அத விடுங்க தங்கச்சி" என்றார் சிவமலர் மிஸ்ஸி,
"இந்த மருந்துக்கு அது தேவை.
பின்னால வந்து கதவச் சாத்திட்டுப் போற ஆள்."

இஃப்ஹாம் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்.
மல்வத்தைக் கண்டத்தில் முள்கம்பி காலைக் கிழித்தும்
சாரன் துண்டைச் சுற்றிக்கொண்டு
மிச்ச வயலையும் வெட்டி முடித்துத்தான் வந்தார்.
இந்த அரை அங்குல ஊசிக்கு
கதவுக்கு அப்பால் நிற்கிறார்.
"முடிஞ்சிதா?"
இல்ல.
"இப்ப?"
சிரிக்க வைக்காதீங்க, வயிறு குலுங்குது.

தொப்புளுக்கு மூன்று விரல் தள்ளி.
நேற்று இடம், இன்று வலம்.
துடைத்த இடம் தானாகக் காயட்டும்,
ஊதக் கூடாது.
தோலை மடிப்பாகப் பிடித்து
நேரே, சரிக்காமல்.
மெதுவாக, கடைசிச் சொட்டுவரை.
ஊசி வெளியே வரும்வரை மடிப்பை விடாதே.
இதையெல்லாம் மிஸ்ஸியின் குரலில்தான்
எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.
என் குரலுக்கு இன்னும் நடுக்கம் போகவில்லை.

மூடியைத் திரும்ப மாட்டுவதில்லை.
உடுப்புத் தோய்க்கும் திரவம் வந்த தடித்த போத்தல்
அலுமாரிக்கு மேலே இருக்கிறது.
'தொடாதே' என்று சிவப்பில் எழுதியது இஃப்ஹாம்.
வீட்டில் இரண்டு வயதுப் பயல் ஒருவன் ஓடித் திரிகிறான்,
அவனுக்கு வாசிக்கத் தெரியாதென்பது
எழுதி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம்.
அதனால்தான் அலுமாரிக்கு மேலே.
முக்கால்வாசி நிறைந்ததும் கிளினிக்கில் கொடுக்க வேண்டும்.
முட்டை கொண்டுபோகிற மாதிரி
மோட்டார் சைக்கிளில் அவரே கொண்டுபோவார்.

மில் முதலாளி தந்த கலண்டரில்
திகதிக்குத் திகதி இ, வ, இ, வ.
மச்சி ஜெஸீமா பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"'இ' இருப்பு, 'வ' வரவு.
கணக்கப்பிள்ளைக்குச் செலவே இல்லையா கா?"

செலவு போன வருசத்துக் கலண்டரில்.
ஆவணி பதினொன்று.
காலில் கட்டிய இரத்தம்,
அதற்குப் பிறகு ஆறு மாத வயிறு.
அந்தக் கலண்டரை நான் எரிக்கவில்லை,
எங்கே வைத்தேன் என்றும் தேடவில்லை.

வயிற்றில் இப்போது
நாவற்பழ நிறத்தில் நாலு, மஞ்சளாகிப்போனது மூன்று.
அது இருக்கும் என்கிறார் மிஸ்ஸி.
பல்லீறில் கசிந்தால், மூக்கில் நிற்காவிட்டால்,
கீழே ஒரு துளி கண்டால்
மணி பார்க்காதே, ஓட்டோவைப் பிடி.
மறந்த நாளுக்குச் சேர்த்து இரண்டு போடாதே,
வாட்டுக்குக் கோல் எடு.
ஒரு தரம் எடுத்தேன்,
கலியாண வீட்டுக்குப் போய் வந்த இரவு,
வெட்கமாக இருந்தது. அவர்கள் ஏசவில்லை.

இன்று நல்லாய் எரிகிறது.
பஞ்சை வைத்து மெல்ல அழுத்துகிறேன்.
தேய்க்கக் கூடாது, அதுதான் பெரிய கஷ்டம்.
விழுந்த இடத்தையெல்லாம்
யாராவது தேய்த்துவிட்டு வளர்ந்த உடம்பு.
கை தானாகப் போகிறது,
பிடித்து நிறுத்துகிறேன்.

அப்போது இடப்பக்கம்
நேற்றைய நீலத்துக்கு அடியில்
ஒரு உதை.

தேய்க்கத்தானே கூடாது.
கையை வைத்திருக்கலாம்.

"முடிஞ்சிதா?"

கொஞ்சம் பொறுங்க.