மார்கழி மூன்று

ஆராவுக்கும் ஓல்ட்டனுக்கும் இடையே ஒன்பது நிமிடம்.
அதற்குள்தான் புத்தகம் போய்விட்டது.
கால்நடை வைத்தியரைக் கொன்றது யாரென்று
இருபத்தாறாம் அத்தியாயத்தில் ஒருத்தி வாய் திறக்கிறாள்,
"அன்று இரவு நான்" என்கிறாள்,
விரலால் தள்ளினால் அடுத்த பக்கம் இல்லை.
உங்கள் இரவல் காலம் முடிந்தது.

டொச்சும் நம்மைப்போல்
வினையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும் மொழி.
என்ன செய்தாள்?

இருபத்தொரு நாள் மற்றவர்களுக்குத் தாராளம்.
எனக்கு டொச் இன்னும் கல்லரிசிச் சோறு.
முதியோர் இல்லத்தில் எழுபது தட்டுக் கழுவி வந்தால்
கண் ஒரு பக்கத்துக்குத்தான் திறந்திருக்கும்.

மறுபடி பதிந்தேன். உங்களுக்கு முன் ஏழு பேர்.

தேயாது, கிழியாது,
ஆனாலும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தானாம்.
"அப்படித்தான் ஒப்பந்தம்" என்றாள் நூலகப் பெண்,
"கடதாசிப் பிரதி இருக்கிறதே, தரட்டுமா?"
வேண்டாமென்றேன்.

முன்பொருநாள் நான் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை
இன்னொருத்தி மூக்கருகே கொண்டுபோய்
ஒன்றும் சொல்லாமல் தனியே வைத்தாள்.
தாளித்த வெங்காயம் முந்நூறு பக்கத்திலும் ஏறியிருந்தது.
மின்னூல் அப்படியில்லை. நான் தொட்டதற்குச் சாட்சியே இல்லாமல்
சுத்தமாய்த் திரும்பிப் போகும்.
அது எனக்குப் பிடித்திருந்தது.
சில நாள் பிடிக்கவுமில்லை.

ஆனி போய் ஆவணி போய்,
ஏழு பேரில் யாரோ ஒருவர்
எடுத்துவிட்டுத் திறக்கவேயில்லை என்று நம்பினேன்,
முகம் தெரியாத அவரோடு சண்டையும் பிடித்தேன்.
"யார் கொன்றதென்று சொல்லவா?" என்றாள் வெரேனா.
ஈரக் கையால் காதைப் பொத்தினேன்,
சவர்க்கார நுரை உள்ளே போயிற்று.

கார்த்திகையில் முறை வந்தபோது
பெயர்களெல்லாம் மறந்திருந்தன.
முதலிலிருந்து தொடங்கினேன்.
இருபத்தாறை எட்டிப் பார்க்கவில்லை, ஒரு பிடிவாதம்.
பிறகு மார்கழி, இரட்டை வேலை,
மறுபடியும் நாள் முடிகிறது.

துவாரகன்தான் சொல்லித்தந்தான்:
"வைஃபையை நிறுத்தி, தேதியைப் பின்னால் தள்ளுங்கோ அம்மா."
ஒவ்வொரு இரவும் தள்ளினேன்.
வெளியே தெருவிளக்கில் நட்சத்திரம் கட்டினார்கள், அவிழ்த்தார்கள்,
என் கையில் மட்டும் மார்கழி மூன்று.
அங்கே கணக்கில் அது திரும்பிவிட்டது,
அடுத்தவர் முதல் பக்கத்தில் இருப்பார்,
என்னிடமும் இருக்கிறது.
களவுதான். யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.
கைப்பைக்குள் வதிவிட அட்டையிலும் ஒரு தேதி உண்டு.
அதைத் தள்ளிப் பார்க்கப் பொத்தான் எங்கே.

தை பிறந்து நாலாம் நாள், அதே ரயில், அதே ஒன்பது நிமிடம்,
அடுத்த பக்கம் வந்தது.
"அன்று இரவு நான்
நன்றாய் நித்திரை கொண்டேன்."

எட்டு மாதம்.
எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்க்குமளவுக்குச் சிரித்தேன்.
கொன்றது வேறு ஆள்.
வைஃபையைத் திறந்தேன்.