நீலப் பென்சில்

கலாமோகன சபாவின் கதம்ப இரவுகள்.
பதினேழு நிகழ்ச்சி நிரல்கள்
ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் வந்திருக்கின்றன.
தந்தவர் பெயர் இல்லை.
கஸ்தூரியார் வீதி மாடியில்
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் திறக்கிறேன்;
பறந்தால் நொறுங்கும் தாள்.

ஸ்கானரில் வைக்குமுன்
ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம்.
நிறம்: முன்பு ரோசா.
அளவு: விரித்த கை.
விளம்பரம்: சோடா, சுருட்டு, பல்வலித் தைலம்.
பெண்களுக்குத் தனி வாசலாம்.
கடைசித் திரை விழும்வரை
காரைநகர் பஸ் காத்து நிற்குமாம்.

ஓரத்தில் யாரோ
நீலப் பென்சிலால் திருத்தியிருக்கிறார்,
சோதனைத் தாளைப்போல.

வரவேற்புரை: நீளம்.
சங்கீதபூஷணம் ஐயம்பிள்ளை:
தொண்டை அடைச்சுது, வாய் அடைக்கேல்லை.
ஓரங்க நாடகம், ‘தந்தி வந்தது’:
பிந்தி வந்தது.
பறவைக் குரல், மார்க்கண்டு:
குயில் சரி. காகம் திறம்.
மயில் எண்டு சொன்னது பூனை.

எல்லா நிரலிலும் ஒரே கை.
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.
எல்லாவற்றிலும் கிழித்த அரை ரிக்கற் ஒன்று:
எஃப் பதினொன்று.

ஆறாவது நிரல். ஒன்பதாவது உருப்படி.
புரொபெசர் ஜெகசோதி வழங்கும்
பெண்ணை மறைத்தல்.
உதவி: மிஸ் பிலோமினா.

பெட்டிக்குள்ள போனாள். திறந்தால் வெறும் பெட்டி.
சனம் கைதட்டுது.
எங்க போனாளெண்டு பின்னால போய்ப் பாத்தன்.
கிணத்தடியில நிண்டு பிளேன்ரீ குடிக்கிறாள்.

கீழே, இன்னும் சிறிய எழுத்தில்:
பனங்கட்டியோட.

ஏழாவதில்,
போனமுறையிலும் கெதியா மறைஞ்சாள்.
எட்டாவதில் வரவேற்புரைக்குக் குறிப்பில்லை,
நாடகத்துக்குக் குறிப்பில்லை,
ஐயம்பிள்ளை தப்பிவிட்டார்.
ஒன்பதுக்கு நேரே மட்டும் ஒரு ‘சரி’,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

ஒன்பதாவது நிரலைக் கறையான் தின்றிருக்கிறது.
என்ன நடந்திருந்தாலும்
அதற்குள்தான் நடந்திருக்க வேண்டும்.

பத்தாவதில்
‘பெண்ணை’ என்ற அச்சின் மேல்
றப்பர் முத்திரை: ‘முயலை’.
உதவி என்ற இடத்தில் கறுப்புக் கோடு.
நீலப் பென்சில் சொல்கிறது:
முயல் பாவம்.

மூலையில் ஒரு குண்டூசி.
அதில் இரண்டு அரை ரிக்கற்.
எஃப் பதினொன்று. எஃப் பன்னிரண்டு.

ஊகிக்க எனக்குச் சம்பளமில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமுமில்லை.
குறைபாடு: மடிப்பு மூன்று, தேநீர்க் கறை,
துருப்பிடித்த ஊசி ஒன்று.
ஊசிகளை அகற்றச் சொல்லித்தான் உத்தரவு.
அகற்றவில்லை என்று எழுதிவிட்டு
அடுத்ததை எடுக்கிறேன்.

பதினோராவது.
மார்க்கண்டு திரும்ப வந்திருக்கிறார்.
பென்சில்: இப்பவும் பூனைதான்.

அதன் கீழே பச்சை மையில்,
சாய்ந்த, பழக்கமில்லாத வேறு ஒரு கை:
மயில்.