பதினொரு சதுரம்

ரிச்சி தெரு. சனிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால்.
அன்சர் கடையில், ஸ்டெபிலைசர்களுக்குப் பின்னால்,
மூடிப்போன ஏதோ ஒரு மாலில் இருந்து
குட்டியானையில் வந்திறங்கிய பெட்டி.
பக்கப் பலகையில் காம்பஸ் முனையால் யாரோ கீறியது:
தீபன், 9-பி.

"பச்சை மட்டும் வரலை. பரவாயில்லன்னா ஆடுங்க"
என்கிறார், காதில் செருகிய டெஸ்டரோடு.

பச்சை இல்லாத வானம்.
ஆனாலும் வானம்தான்.
அந்தக் கறுப்பை யாரும் தீட்டவில்லை,
ஒளி போகாத இடம், அவ்வளவே.
வெள்ளையாய் இருந்திருக்க வேண்டிய நட்சத்திரங்கள்
கத்தரிப்பூ நிறத்தில் இறங்குகின்றன,
சில மெதுவாய், சில விரைவாய்.
அந்த வேகப் பிசகு போதும்,
பதினான்கு அங்குலக் கண்ணாடிக்குள்
ஆழம் திறந்துகொள்கிறது.

என் கப்பல் பதினொரு சதுரம். எண்ணினேன்.
மூக்குக்கு ஒன்று,
இறக்கைக்கு நான்கு நான்கு,
மிச்சம் இரண்டும் நெருப்பு.

தரமணியில் என் வேலை தண்ணீர் செய்வது.
பெரிய விளையாட்டு ஒன்றின் சிறிய ஆற்றுக்கு
ஏழு மாதமாக அலை போட்டுக்கொண்டிருக்கிறேன்.
நேற்றுக்கூட ரிவ்யூவில் சொன்னார்கள்,
"ஈரம் பத்தலை, கோதை."

இங்கே எதிரிக்கு இரண்டே படம்:
கை தூக்கிய நண்டு, கை இறக்கிய நண்டு.
நடுவில் ஒன்றுமே கிடையாது.
அந்த ஒன்றுமில்லாததை
என் கண்ணே வரைந்து தருகிறது, கூலி கேட்காமல்.

சுடுகிறேன்.
நாலு சில்லாய்ச் சிதறி, சில்லும் அணைகிறது.
குறையக் குறைய, மீதமிருப்பவை ஓடத் தொடங்குகின்றன.
வரைய ஆள் குறைந்தால் மெஷினுக்குக் கை காலியாம்,
அன்சரின் விளக்கம்.
எனக்கென்னவோ அது பயம் மாதிரித்தான் இருக்கிறது.

கடைசி ஒன்று.
இடம், வலம், ஒரு படி கீழே.
இடம், வலம், ஒரு படி.
விரல் பொத்தான் மேல்தான். அழுத்தவில்லை.
இந்த வேகத்தில் இரண்டு படமும் கலந்து
ஒரே நேரத்தில்
கை தூக்கியும் இறக்கியும் இருக்கிற நண்டு,
விளிம்பெல்லாம் நடுங்க, நேராக என்னிடம்

வெடித்தது என் கப்பல்.
எட்டே சதுரச் சிவப்பு.
ஏழு மாதத்தில் நான் செய்த எந்த அலையும்
இவ்வளவு சுத்தமாய் முடிந்ததில்லை.

"ஒண்ணுதானே மிச்சம், அடிச்சிருக்கலாம்ல?"
பதில் யோசிப்பதற்குள் கரன்ட் போனது.
திரை மொத்தமும் சுருங்கி
நடுவில் ஒரு கத்தரிப்பூப் புள்ளி.
நிற்கிறது.
அன்சர் டார்ச்சைத் தேடி
எதையோ தட்டிவிட்டுத் திட்டும்போதும் நிற்கிறது.

அண்ணா சாலையில் 21ஜி வருகிறது.
நெற்றிப் பலகையில் ஆரஞ்சு விளக்குப் புள்ளிகள்.
சில செத்துப்போய்
தாம்பரத்துக்குத் துணைக்கால் இல்லை.
நிறுத்தத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.
கண்ணாலேயே ஒரு காலைப் போட்டு ஊரை முடித்துவிட்டு
மறுகாலைப் படியில் வைக்கிறார்கள்.

எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது.